ஜெயமேரி குணமான கதை

திண்டுக்கல் மாவட்டத்தில் பெண்கள் யாரும் போதை ஊசி போட்டுக்கொள்வதில்லை என்பதுதான் நெடுங்காலமாக அதிகாரிகளின் நிலைப்பாடு. ஆண்கள் போட்டுக்கொண்டார்கள், அதை மறைக்க முடியவில்லை. பெண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் பதில் சொல்லவும் இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு திட்டமும் அதற்கான நிதியும் வந்தன. வந்த கொஞ்ச நாளிலேயே, பெண்களும் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்பது தெரியவந்தது.

நிதி வந்து சேர்ந்த இடம் ஊன்றுகோல் மகளிர் மீட்பு மையம். நத்தம் சாலையில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மாடி வீடு. இயக்குநர் முனைவர் சடையாண்டி. நல்ல மனிதர். அவர் கோபமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கஷ்டப்படுகிற எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் கைகூப்பி, "உங்க வலி என் வலிம்மா" என்பார். எங்கே வலிக்கிறது என்று கேட்க மாட்டார்.

அந்த மையத்துக்கு வந்துபோன பெண்களில் ஒருத்தி ராமுத்தாய். சிறுமலையில் பிறந்தவள். லாரியில் வாழைத்தார் ஏற்ற வந்த ஒருத்தனோடு மலையிறங்கி வந்தாள். அவன் அவளுக்கு ஊசியைப் பழக்கிவிட்டு, அதே ஊசியால் செத்தும் போனான். அதன்பிறகு மார்க்கெட்டில் அட்டையும் பிளாஸ்டிக்கும் பொறுக்கினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் கடை வாசல்களில் படுத்துக்கொண்டாள்.

அவளுக்குத் துணை ஜெயமேரி. ராமுத்தாயைவிட மூத்தவள், ஒரு மெஸ்ஸில் பாத்திரம் துலக்கினாள். புருஷனின் அடிக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவள். மகளைக் கன்னியர் விடுதி ஒன்றில் சேர்த்துவிட்டு, ஆரம்பத்தில் அடிக்கடியும் பிறகு எப்போதாவதும் போய்ப் பார்த்தாள். பிறகு கை நிறைய ஊசித் தழும்போடு போய் நிற்க வெட்கப்பட்டு, போவதை ஏறக்குறைய விட்டுவிட்டாள். மார்கழிக் குளிரில் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் படுத்தார்கள். ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அந்த ஊரில் அவர்களுக்குப் பொதுவாக வேறு சொத்து இருக்கவில்லை.

மையத்தில் சுத்தமான ஊசி கொடுத்தார்கள். டீயும் பன்னும் கொடுத்தார்கள். ஆலோசகர் கனகா என்ற சின்னாளபட்டிப் பெண் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசுவாள். அவள் வாங்கியிருந்த பட்டத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கும் என்று அவளுடைய வீட்டில் நினைத்தார்கள். அவளும் சில நாட்களில் அப்படி நினைத்தாள்.

அந்த வருஷம் போலீஸ் கெடுபிடி கூடியது. கரைத்து ஊசியில் போட்டுக்கொள்ளும் மாத்திரை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. உடம்பு முறுக்கியது, எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. அப்போது யாரோ பஞ்சர் ஒட்டுகிற சொலூஷனைக் காட்டினார்கள். அதை விற்க எந்தத் தடையும் இல்லை. சைக்கிள் கடையில் கேட்டால் கொடுத்தார்கள், செருப்புத் தைக்கிற இடத்தில் கேட்டாலும் கொடுத்தார்கள். பெண்கள் சேலைத் தலைப்பில் அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மோந்தார்கள். பசி தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் தூரத்தில் யாரோ மாவாட்டுவது போலக் கேட்டது.

மையத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இந்த வாரம் ஊசி போட்டீங்களா?"

"இல்ல சார்" என்றாள் ஜெயமேரி. "இல்ல சார்" என்றாள் ராமுத்தாய். வட்டத்தில் இருந்த எல்லாரும் இல்லை என்றார்கள். முனைவர் சடையாண்டிக்குக் கண் கலங்கியது. ஒரு மாவட்டத்தில், ஒரே பருவத்தில், ஊசி அடியோடு நின்றுபோனது வேறெங்கும் நடக்காத விஷயம். அவர் எழுந்து நின்று கை தட்டினார். பெண்களும் தட்டினார்கள். இரண்டு பேருக்கு ஒரு கை இன்னொரு கையைச் சரியாகச் சந்திக்கவில்லை.

கனகாவுக்கு வாசனை தெரிந்தது. அன்று சாயங்காலம் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள்.

"சார், இவங்க எல்லாரும் பசை மோந்துட்டு வர்றாங்க. ஊசியை விட மோசமா இருக்கு. சிலருக்கு நடையே சரியில்ல."

அவர் பொறுமையாகக் கேட்டார். "கனகா, நம்ம திட்டத்தோட பேர் என்ன? ஊசி தடுப்புத் திட்டம். கை நம்மளோடது, மூக்கு நம்மளோடது இல்ல. மூக்குக்குத் தனியாத் திட்டம் இருக்கு. நாம அதுக்குள்ள போனா அவங்க வேலையைப் பறிச்ச மாதிரி ஆயிரும். அடுத்தவங்க பிழைப்பைக் கெடுக்கக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லி வளத்தாரு."

ராமுத்தாய்க்கு அப்போதே விட்டுவிட வேண்டும் என்றிருந்தது. காலில் உணர்ச்சி குறைந்து, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்தாள். நேற்றுப் பேசியது இன்று ஞாபகம் இல்லை. ஒரு நாள் சடையாண்டி முன் போய் நின்றாள்.

"சார், என்னால முடியல. இதை விடணும். எங்கயாச்சும் சேத்து விடுங்க."

"நீங்கதான் விட்டுட்டீங்களேம்மா" என்றார் அவர் அன்பாக.

மூக்குத் திட்டத்தைத் தேடி அவளே போனாள். அது தெருவோரச் சிறுவர்களுக்கானது. அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, "உங்க பிள்ளைங்க யாராச்சும் மோந்தாக் கூட்டிட்டு வாங்க, நல்லாப் பாத்துக்கிருவோம்" என்றார். பிள்ளை இல்லை என்றாள். அவர் வருத்தப்பட்டார். போதை மறக்கும் வார்டுக்குப் போனாள். அது ஆண்கள் வார்டு. பெண்கள் காப்பகத்துக்குப் போனாள். போதை உள்ளவர்களைச் சேர்க்க மாட்டோம், முதலில் விட்டுவிட்டு வா என்றார்கள். எல்லா இடத்திலும் நாற்காலி கொடுத்தார்கள். அவள் வாழ்க்கையில் அத்தனை நாற்காலியில் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை.

இதற்கிடையில் ஊன்றுகோலின் வெற்றி சென்னை வரைக்கும் போயிருந்தது. குணமான ஒரு பெண்ணைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சடையாண்டி ஜெயமேரியைத் தேர்ந்தெடுத்தார். அவள் அதிகம் பேசமாட்டாள். கூடவே படமும் போயிற்று. பயனாளியின் கண்ணியத்தைக் காப்பாற்ற முகத்தை மறைத்திருந்தார்கள். அதைப் படித்த மேலதிகாரி உருகிப்போனார். நேரிலேயே வந்து ஜெயமேரிக்கு விருது கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஜெயமேரி செத்துப்போனாள்.

காலையில் பஸ் ஸ்டாண்டு சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைப்பு முகத்தில் கிடந்தது. யாரோ ஒரு பையன் பின்னாலிருந்து விசிலடித்தான். திடுக்கிட்டு எழுந்தவள், நாலு எட்டு ஓடி விழுந்தாள். சொலூஷன் ஊறிய நெஞ்சு அந்தத் திடுக்கிடலைத் தாங்கவில்லை. ராமுத்தாய் அட்டை பொறுக்கிவிட்டு வந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் போய், "அது மேரியக்கா" என்று அடையாளம் சொன்னாள். நீ யார் என்று கேட்டார்கள். கூடப் படுக்கிறவ என்றாள். அந்த உறவு சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளவோ, அந்த உறவிடம் உடலைத் தரவோ வழியில்லை. ஏதாவது ஒரு நிறுவனம் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் தருவோம், இல்லாவிட்டால் கேட்பாரில்லாத பிணங்களோடு சேர்ந்து போய்விடும் என்றார்கள்.

அவள் மையத்துக்கு ஓடினாள். சடையாண்டி விழாவுக்கான வரவேற்பு வளைவின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், மேரியக்கா செத்துப் போச்சு."

அவர் கைகூப்பினார். வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"எனக்கு மட்டுந்தான்."

"நல்ல வேளை. இந்தச் செய்தி மத்த பொண்ணுங்க மனசை உடைச்சிரும்."

"ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். அடக்கம் பண்ணணும். அதுக்குக் குளிர் ஆகாது சார், ஐஸ் பெட்டியில கெடக்கு."

"போடுறேம்மா. கண்டிப்பாப் போடுறேன். விழா முடியட்டும்." அவர் அவளை உற்றுப் பார்த்தார். உயரம், நிறம், ஒடுங்கிய கன்னம் எல்லாவற்றையும் பார்த்தார். "நீங்க ஒரு உதவி செஞ்சா, நானும் உடனே செய்வேன். ஜெயமேரிக்குக் கிடைச்ச மரியாதை வீணாப் போகலாமா? அவங்க சார்பா நீங்க வாங்கிக்கங்க. மேடையில ஒரு நிமிஷம், ஜெயமேரியா நில்லுங்க. அவங்க ஆத்மா சாந்தியடையும்."

படத்தில் முகத்தை மறைத்திருந்த கண்ணியம் இப்போது கைகொடுத்தது.

மறுநாளிலிருந்து ஒத்திகை. சடையாண்டியே சொல்லிக் கொடுத்தார். "முதல்ல இருட்டு. அப்புறம் ஊசி. அப்புறம் ஊன்றுகோல். அப்புறம் வெளிச்சம். வெளிச்சம்னு சொல்றப்ப என்னைப் பாக்கணும்." ராமுத்தாய் 'நான் ஜெயமேரி' என்று தொடங்குவாள். ஒவ்வொரு தடவையும் அதைச் சொன்னதும் திரும்பிப் பார்ப்பாள், யாரோ 'என்ன புள்ள' என்று கேட்டது போல. திரும்பக்கூடாது என்று சடையாண்டி திருத்தினார்.

கனகா ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இது சரியில்ல" என்றாள் ஒருமுறை.

"சரியில்லதான்" என்று ஒத்துக்கொண்டார் அவர். "உச்சரிப்பு இன்னும் வரணும்."

விழாவன்று கல்யாண மண்டபத்தையே எடுத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த அதிகாரி அருள்நாதன் குத்துவிளக்கு ஏற்றினார். ராமுத்தாயை விளக்கருகே அழைத்து வந்தபோது அவர் மூக்கைச் சுருக்கி, "புதுசா வார்னிஷ் அடிச்சிருக்கீங்களா?" என்றார். "உங்களுக்காகத்தான் சார்" என்றார் சடையாண்டி. வாசனை ராமுத்தாயின் தலைப்பிலிருந்து வந்தது. காலையில் கொஞ்சம் மோந்துவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள்.

மைக்கின் முன்னால் நின்றபோது அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கடைசி வரிசையில், மின்விசிறி சுற்றாத ஓரத்தில், ஜெயமேரி உட்கார்ந்திருந்தாள். தலை ஈரமாக இருந்தது. சேலை முந்தானையால் இரண்டு கைகளையும் மூடியிருந்தாள். சொலூஷன் மோந்தால் இப்படி வருவது வழக்கம்தான். செத்த நாளிலிருந்து ஜெயமேரி இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் இத்தனை பேர் நடுவில் வந்தது இதுதான் முதல் தடவை.

"நான் ஜெயமேரி" என்றாள் ராமுத்தாய். "ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன். இப்பப் போடுறதில்ல."

கை தட்டினார்கள். அடுத்தது இருட்டா, வெளிச்சமா என்பது மறந்துபோயிற்று. கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டு, மனதில் வந்ததைச் சொன்னாள். குரல் கூட அவளுடையதாக இல்லை. ஜெயமேரி போலக் கொஞ்சம் கட்டை.

"ஊசி கெடைக்கல. அப்புறம் சொலூஷன் கெடைச்சுச்சு. இப்ப சொலூஷன் இல்லாம என்னால இருக்க முடியாது. காலையில எந்திரிச்சதும் சொலூஷனைத்தான் தேடுறேன். என்கூட இருக்கவுக அம்புட்டுப் பேருக்கும் அதான். இந்த மையத்துக்கு வந்துதான் எல்லாம் நின்னு போச்சுன்னு சொல்றாக. ஒண்ணும் நிக்கல. எனக்கு ரொம்பக் குளிருது. பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்காக. யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போங்க. மண்ணுக்குள்ள போனாப் போதும் எனக்கு."

சடையாண்டியின் முகம் வெளுத்தது. கனகா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

அருள்நாதன் மெல்ல எழுந்து மைக்கை வாங்கினார்.

"பிரச்சினைகளைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் பிரச்சினை, பிரச்சினை. இந்த எளிய சகோதரி சொலூஷனைப் பற்றிப் பேசுகிறார். காலையில் எழுந்ததும் சொலூஷனைத் தேடுகிறாராம். நம் அலுவலகங்களில் எத்தனை பேர் அப்படித் தேடுகிறோம்? நான் தேடியதில்லை, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தன்னோடு இருப்பவர்கள் எல்லாருக்கும் சொலூஷன் கிடைத்துவிட்டது என்கிறார். இதைவிட ஒரு திட்டத்துக்கு என்ன சான்று வேண்டும்? மண்ணுக்குள் போனால் போதும் என்கிறார். பிறந்த மண்ணின் மீது இவ்வளவு பற்றை நான் கண்டதில்லை." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சகோதரிக்குக் குளிர்கிறதாம். யாராவது ஒரு சால்வை கொண்டு வாருங்கள்."

சால்வை போர்த்தினார்கள். கேடயம் கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் படமெடுத்தார்கள், குணமானவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை என்பதால் இம்முறை முகத்தை மறைக்கவில்லை. அதிகாரி அங்கேயே அவளை மாநிலத்தின் நம்பிக்கைத் தூதராக அறிவித்தார். கல்லூரிகளுக்கெல்லாம் போய்ப் பேச வேண்டும் என்றார். கடைசி வரிசை காலியாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே ராமுத்தாய் மையத்தின் வாசலில் போய் உட்கார்ந்தாள்.

"சார், கையெழுத்து."

சடையாண்டி சங்கடப்பட்டார். "ஏம்மா, நேத்து ஊரே பாக்க ஜெயமேரி மேடையில பேசுச்சு. இன்னிக்கு நான் போயி, ஜெயமேரி போன வாரமே செத்துப் போச்சுன்னு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? பொய் சொன்ன மாதிரி ஆயிராதா?"

அவள் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் வரை அங்கேயே கிடந்தாள். பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தார்.

"உடம்பு ஒண்ணு இருக்கு, அதை அடக்கம் பண்ணணும். சரிதான். ஆனா செத்தது ஜெயமேரியா இருக்க முடியாது. அப்ப யாரா இருக்க முடியும்னு யோசிச்சுப் பாத்தேன். உங்களைத் தேடி யாராச்சும் வருவாங்களா, ராமுத்தாய்?"

"எனக்கு யாருமில்ல சார்."

"அதான் சொல்றேன்."

அப்படித்தான், ராமுத்தாய் என்ற பெயரில் ஊன்றுகோல் மையம் உடலை வாங்கிக்கொண்டது. போலீஸும் ஆஸ்பத்திரியும் எதிர்ப்புச் சொல்லவில்லை. இத்தனை நாள் பெயரே இல்லாமல் கிடந்த உடலுக்கு ஒரு பெயர் கிடைத்ததில் அவர்களுக்கு நிம்மதி. ஊர்ச் சுடுகாட்டில் ஒரு ஓரமாகக் குழி வெட்டினார்கள். சடையாண்டி மாலை போட்டார். ராமுத்தாய் போதைக்கு இரையானதற்கு, மையத்தின் ஆலோசனைகளைச் சரிவரக் கடைப்பிடிக்காததே காரணம் என்று நாலு வார்த்தை பேசினார். ராமுத்தாய் கூட்டத்தில் நின்று கேட்டாள். தன்னைப் பற்றி யாரும் அத்தனை நேரம் பேசியதில்லை.

முடிந்ததும் அவர் பக்கத்தில் போய், "சார், அது வேதக்காரப் பொம்பள. ஒரு குச்சியாச்சும் குறுக்க கட்டிச் சிலுவை வச்சிருவோம்" என்றாள்.

"ராமுத்தாய்க்குச் சிலுவையா?" என்று அவர் பதறினார். "மதமாத்தம்னு கெளம்பிருவாங்கம்மா."

அதிலிருந்து அவள் ஜெயமேரிதான். ராமுத்தாய்க்கு இனி டீ பன் கிடையாது. செத்தவளுக்கு எப்படிக் கொடுப்பது? ஜெயமேரிக்கு டீ பன் உண்டு, வைத்தியம் கிடையாது. குணமானவளுக்கு எதற்கு வைத்தியம்? "நம்பிக்கைத் தூதரே வந்து படுக்கை கேட்டா, நம்பிக்கை என்னாகும்?" என்று சடையாண்டி ஒரு நாள் கேட்டார். அது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு.

கல்லூரிகளுக்குக் கூட்டிப்போனார்கள். போகிற வழியில் வேனின் பின் சீட்டில் மோந்துகொள்வாள். மேடையேறி, "எனக்கு சொலூஷன் கெடைச்சிருச்சு" என்பாள். பிள்ளைகள் கை தட்டுவார்கள். டீக்கடைக்காரி அவளை மேரி என்று கூப்பிடத் தொடங்கினாள். போலீஸ்காரர் ஒருவர் கூட, "என்ன மேரி, நல்லாருக்கியா" என்று கேட்டார். ராமுத்தாயாக இருந்தபோது அவர் லத்தியால் தட்டி எழுப்புவார்.

ஜெயமேரி மட்டும் வருவது நின்றுபோயிற்று. முன்பெல்லாம் தலைப்பை முகத்தில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போர்வையை இழுத்துவிடச் சொல்வாள். இப்போது எத்தனை மோந்தாலும் பக்கத்து இடம் வெறுமையாகவே கிடந்தது. "மேரியக்கா" என்று ராமுத்தாய் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்பாள். "என்ன புள்ள" என்று பதில் வரும், தன் வாயிலிருந்தே.

பங்குனி கடைசியில் அனிஷா வந்தாள். ஜெயமேரியின் மகள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் விடுதியில் தங்கி வேலை பார்த்தாள். கூட வேலை செய்கிற பெண்ணின் போனில் விருது விழாவைப் பார்த்திருக்கிறாள். முகம் பிடிபடவில்லை, ஆனால் பெயரும் வயதும் சரியாக இருந்தன. அம்மா உயிரோடு இருக்கிறாள், நன்றாகவும் ஆகிவிட்டாள். லீவு கேட்டுக் கிடைக்காமல், உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தாள். கையில் ஒரு பையில் பூப்போட்ட நைலக்ஸ் சேலை இருந்தது.

அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு, சடையாண்டி பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். தாயும் மகளும் இணைகிற நிகழ்ச்சி எந்தத் திட்டத்திலும் தானாக அமைவதில்லை. கனகா அவர் காதருகே போய், "சார், இது வேணாம். அந்தப் பிள்ளைகிட்ட நான் தனியாச் சொல்லிர்றேன்" என்றாள்.

"எதைச் சொல்லுவீங்க?" என்றார் அவர் புரியாமல். அவர் நடிக்கவில்லை. இத்தனை மாதத்தில் அவருக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது.

ராமுத்தாயைக் கூட்டி வந்து அனிஷாவுக்கு எதிரே நிறுத்தினார்கள். அந்தப் பெண் எழுந்து நின்றாள். ஜெயமேரியின் நெற்றி. ஜெயமேரியின் அதே கட்டைக் குரல்.

"இவங்க எங்கம்மா இல்ல" என்றாள்.

"பல வருஷப் பிரிவு" என்று சடையாண்டி பத்திரிகைக்காரர்களிடம் விளக்கினார். "அதிர்ச்சியில மகளுக்குத் தாயைத் தெரியல. இது இயல்பு. நம்ம மையத்துலயே தங்கவச்சு ஆலோசனை குடுப்போம். அம்மான்னு ஒத்துக்கிற வரைக்கும் குடுப்போம்."

"நான் உங்கம்மா இல்ல தாயி" என்றாள் ராமுத்தாய். "உங்கம்மா செத்துப் போச்சு. நான்தான் அது பேரைத் தூக்கிட்டுத் திரியுறேன்."

"இது மறுப்பு நிலை" என்றார் சடையாண்டி. "குணமானவங்களுக்குக் குற்ற உணர்ச்சி வரும், நான் தாயாக இருக்கத் தகுதியில்லைன்னு தோணும். எவ்வளவு ஆழமான தாய்மை பாருங்க." கேமராக்காரர் ஒருவர், அழுகை நன்றாக வருகிறது, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள் என்றார்.

கனகா போய்க் கதவைத் திறந்தாள். "ரெண்டு பேரும் போங்க" என்றாள். பிறகு மையத்தின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவளும் செருப்பை மாட்டினாள்.

ராமுத்தாயும் அனிஷாவும் சுடுகாட்டுக்கு நடந்தே போனார்கள். வெயில் தார் ரோட்டில் தண்ணீர் போல நெளிந்தது. ராமுத்தாயின் கால் தடுமாறும்போதெல்லாம் அனிஷா முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வழியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா என்னைப் பத்திப் பேசுவாங்களா?"

"தெனமும் பேசும். நீ பரீட்சையில வாங்குன மார்க்கு எல்லாம் எனக்கு மனப்பாடம். இப்பத்தான் மறந்து போச்சு."

மழையில்லாமல் மண் வெடித்துக் கிடந்தது. ராமுத்தாய் இடத்தைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு கருவேலமரத்துக்குப் பக்கத்தில் நின்று, இதுதான் என்றாள். மேடு ஏறக்குறைய தரையோடு தரையாகிவிட்டிருந்தது. அனிஷா அழவில்லை. பையிலிருந்து சேலையை எடுத்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப வைத்தாள். பிறகு திடீரென்று ராமுத்தாயைக் கட்டிக்கொண்டு, அவளுடைய தோளில், சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்தாள்.

"இந்த வாசனை" என்றாள். "போன வருஷம் சிஸ்டருங்க விடுதிக்குக் கடைசியா ஒருவாட்டி வந்தாங்க. ரொம்ப தூரத்துலயே நின்னாங்க. ஆனா இதே வாசனை. அவங்க போனப்பறம் சிஸ்டர் ஜன்னலையெல்லாம் தெறந்து வச்சாங்க. நான் போயி மூடிட்டேன்."

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். நன்றாக, ஆழமாக, இன்னொரு தடவை.

ராமுத்தாய் அவளைப் பிடித்துத் தள்ளினாள். எங்கிருந்து அந்த வேகம் வந்ததென்று தெரியவில்லை. அந்தப் பெண் மண்ணில் போய் விழுந்தாள், முழங்கை சிராய்த்தது.

"மோக்காத" என்றாள் ராமுத்தாய். "பக்கத்துல வராத. அங்கனயே உக்காரு. உங்கம்மா வாசனை இது இல்ல. உங்கம்மா மேல சோப்புத் தண்ணி வாசனைதான் அடிக்கும், பாத்திரம் துலக்குற சோப்பு. இது கடையில விக்கிறது."

அனிஷா மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள். முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கோபமாகத் தெரியவில்லை. "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

ராமுத்தாயின் நாக்கில் முதலில் வந்தது மற்ற பெயர். அதை விழுங்கினாள். பெண் காத்திருந்தாள். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"ராமுத்தாய்" என்றாள் கடைசியில். சொல்லிவிட்டு, யாராவது மறுக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

"ராமுத்தாய்ம்மா" என்றாள் அனிஷா, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்கம்மா மேல நிக்கிறீங்க."

அவள் குனிந்து காலைப் பார்த்தாள். பிறகு தள்ளி நின்றாள்.